மூச்சு நம்மளோடது, முத்து யாரோடது?

ஐடி கம்பெனியில குப்பை கொட்டுறவங்களுக்கு முப்பது வயசு நெருங்கும்போது வரிசையா சில வியாதிகள் வரும். மொதல்ல பெரிய கேமரா, அப்புறம் புல்லட், அப்புறம் மாரத்தான், கடைசியா அந்தமான்ல ஸ்கூபா டைவிங். டீம்ல ஒருத்தர் ஹேவ்லாக் தீவுக்கு (2018 கடைசியிலிருந்து அதுக்குப் பேரு ஸ்வராஜ் தீவு) போயிட்டு வந்தா போதும், அடுத்த ஆறு மாசத்துக்கு எல்லாரோட புரொஃபைல் போட்டோவும் தண்ணிக்கு அடியிலதான். ரெண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டிக்கிட்டு சிரிப்பாங்க. டைவிங் சைகையில கட்டை விரலைத் தூக்கினா "மேல போகலாம்"னு அர்த்தம். பக்கத்துல இருக்குற இன்ஸ்ட்ரக்டர் பாவம், என்ன செய்வார்? :-)

அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல மக்கா. காசு இருக்கு, போறாங்க. ஆனா அந்தப் பேச்சுக்கு நடுவுல "நம்ம ஆளுங்களுக்கு இந்த டைவிங் எல்லாம் எங்க தெரியும், வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான"ன்னு ஒரு வசனம் தவறாம வரும். நாஞ்சில் நாட்டுக்காரன் அதைக் கேட்டுட்டு சும்மா காப்பி குடிச்சிட்டு இருக்க முடியுமா? அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க.

முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டு மீன் மாதிரி சுத்துற கருவியை 1943ல பிரான்ஸ்ல ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கினாங்க. அதுல சந்தேகம் இல்ல. ஆனா கடலுக்கு அடியில போய் வேலை பாக்குறதுக்கும் அந்தக் கருவிக்கும் சம்பந்தம் இல்ல. அந்த வேலை கன்னியாகுமரிக்குக் கிழக்க, மன்னார் வளைகுடாவுல, குறைஞ்சது ரெண்டாயிரம் வருசமா நடந்திருக்கு. கருவி கிடையாது. ஒரு கல்லு, ஒரு கயிறு, ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

ரெண்டாயிரம்னு சும்மா ஒரு ரவுண்டா சொல்லல. கி.பி. முதல் நூற்றாண்டுல பேரு தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதி வச்ச கடல்வழிக் குறிப்பு இருக்கு, 'எரித்ரேயன் கடலின் பெரிப்ளூஸ்'. அதுல குமரி வருது. அங்க ஒரு முனையும் துறைமுகமும் இருக்கு, ஆணும் பெண்ணும் துறவு பூண்டு வந்து நீராடித் தங்குறாங்க, முன்னொரு காலத்துல ஒரு தெய்வம் அங்க வாழ்ந்து நீராடினதா சொல்றாங்கன்னு எழுதியிருக்கார். பகவதி அம்மன் கோயிலுக்குப் போயிட்டு முக்கடல்ல கால் நனைக்கிற இன்னிக்குள்ள ஆளுக்கும் அந்த வரிக்கும் அதிக தூரம் இல்ல பாத்துக்கிடுங்க.

அடுத்த பத்தியிலயே அவரு கொற்கைக்குப் போயிடுறார். முத்துக்குளிக்கிற இடம், பாண்டியன் ஆட்சிக்கு உட்பட்டதுன்னு சொல்லிட்டு, போற போக்குல ஒண்ணைச் சொல்றார். அங்க முங்கி முத்து எடுக்குறவங்க தண்டனை பெற்ற குற்றவாளிகளாம்!

பாண்டிய நாட்டு முத்துன்னா நமக்கு மாலையும் கிரீடமும்தான் ஞாபகம் வரும். பாடப் புத்தகத்துலயும் அப்படித்தான் படிச்சோம். ரோம் நாட்டுச் சீமாட்டி காதுல தொங்கின முத்தை எடுத்தவன் ஒரு கைதின்னு யாரும் சொல்லித் தரல. அந்த வணிகர் நேர்ல பாத்தாரா, துறைமுகத்துல யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினாரான்னு ஆராய்ச்சியாளர்கள் சண்டை போடட்டும். நம்ம கடல்ல முங்குறவனைப் பத்தி எழுத்துல வர்ற ரொம்பப் பழைய குறிப்புகள்ல ஒண்ணு அவனைக் குற்றவாளின்னு சொல்லுது. அது என்னமோ எனக்கு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

சரி, எப்படி முங்கினாங்கன்னு பாப்போம். படகு பாருக்கு மேல நிக்கும். (பார்னா கடலடியில இருக்குற பாறைத் திட்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்றது அதுலதான். குடமுத்துப் பார்னு ஒரு பாருக்குப் பேரு, எவ்வளவு அழகு பாருங்க!) குளியாள் கயித்துல கட்டின கல்லு மேல காலை வச்சு நிப்பான். கல்லு ஏறக்குறைய பதினஞ்சு கிலோ இருக்கும். இன்னொரு கயித்துல வலைப்பை. மூச்சை இழுத்துப் பிடிச்சு, ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டுச் சைகை காட்டினா மேல இருக்குறவர் கல்லை விடுவார். சடசடன்னு அடிக்குப் போயிடலாம். நீந்தி மூச்சை வீணாக்க வேண்டாம்ல? அடியில போனதும் கல்லை விட்டுட்டு, தரையோட ஊர்ந்து கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பறிச்சுப் பையில போடணும். கயித்தை இழுத்துக் காட்டினா மேல தூக்கிடுவாங்க. இதெல்லாம் ஒரு நிமிசத்துக்குள்ள, மிஞ்சிப்போனா இன்னும் பத்து இருபது செகண்ட். ஒரு கல்லுக்கு ரெண்டு ஆள், மாத்தி மாத்தி முங்குவாங்க. விடியக்காலையில ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் இதே வேலை.

மேல கயிறு பிடிக்கிறவர் மச்சானாத்தான் இருக்கணும்னு தூத்துக்குடிப் பக்கம் ஒரு சொல் உண்டு. தங்கச்சி தாலி அந்தக் கயித்துலதான தொங்குது, அதனால தூங்க மாட்டானாம்! எந்த அளவுக்கு நடைமுறையில இருந்துச்சோ தெரியாது, ஆனா இதைவிட நல்ல பேக்கப் சிஸ்டத்தை எந்த ஆர்க்கிடெக்டும் டிசைன் பண்ண முடியாது.

இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்குக் கொஞ்சம் இயற்பியல். பத்து மீட்டர் ஆழம் போனா அழுத்தம் ரெண்டு மடங்கு. நுரையீரல்ல ஆறு லிட்டர் காத்து இருந்தா அது மூணு லிட்டராச் சுருங்கிடும். இருபது மீட்டர்ல ரெண்டு லிட்டர். உடம்புல வேற எங்க காத்து இருக்கோ அங்கயும் இதே கதைதான். காதுக்குள்ள இருக்குற காத்து சுருங்கும்போது செவிப்பறை உள்பக்கமா வளையும், வலி உயிர் போகும். மூக்கைப் பிடிச்சு உள்ள ஊதினா தொண்டையிலிருந்து காதுக்குப் போற குழாய் திறந்து சமமாயிடும். ஸ்கூபா வகுப்புல முதல் நாளே சொல்லித் தர்றது இதைத்தான். வால்சால்வான்னு ஒரு இத்தாலிய மருத்துவர் 1704ல இதைப் பத்தி எழுதினதால அவர் பேரையே வச்சுட்டாங்க. நம்ம குளியாள் மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கினது தண்ணி ஏறாம இருக்கத்தான்னு பார்த்த வெள்ளைக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. அரபு நாட்டிலிருந்து வந்த குளியாட்கள் அதுக்குக் கொம்புல செஞ்ச ஒரு கிளிப்பை மூக்குல மாட்டிக்கிட்டாங்க. ஆனா கையால பிடிச்சுக்கிட்டுப் போனவன் உள்ள ஊதவும் செஞ்சிருப்பான்னுதான் எனக்குத் தோணுது. இல்லேன்னா ஒரு நாளைக்கு இத்தனை தடவை முங்கிட்டு அடுத்த நாள் வர முடியுமா?

இந்தோனேசியாப் பக்கம் பஜாவ்னு ஒரு கடல் மக்கள் இருக்காங்க. தலைமுறை தலைமுறையா மூச்சடக்கி முங்குறவங்க. அவங்க மண்ணீரல் பக்கத்து ஊர்க்காரங்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெருசா இருக்குன்னு 2018ல ஒரு ஆய்வு வந்தது. மூச்சை அடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமிச்சு வச்ச சிவப்பணுக்களை ரத்தத்துல விடும். அப்ப ரிசர்வ் டேங்க் மாதிரி. சிலிண்டரை முதுகுல கட்டாம வயித்துக்குள்ள வச்சிருக்காங்க!

இதுல இன்னொரு வேடிக்கை. ஸ்கூபாவுல முதல் விதியே "எந்தக் காரணத்தைக் கொண்டும் மூச்சை அடக்காதே". ஆழத்துல அழுத்தமான காத்தைச் சுவாசிச்சிட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா, காத்து விரிஞ்சு நுரையீரலையே கிழிச்சிடும். குளியாளுக்கு இந்தப் பிரச்சனை இல்ல. மேல இழுத்த காத்தைத்தான் கீழ கொண்டு போறான். அவன் தொழிலோட ஒரே விதி ஸ்கூபா தடை பண்ற ஒரே காரியம்.

இனி சுறா கதைக்கு வருவோம். 1290கள்ல மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்து முத்துக்குளிப்பைப் பத்தி விவரமா எழுதியிருக்கார். ராஜாவுக்குப் பத்துல ஒரு பங்கு. சரி, வரின்னா அப்படித்தான். அது போக இருபதுல ஒரு பங்கு யாருக்குன்னா, சுறாவை மந்திரத்தால கட்டுறவருக்கு. இவருக்குக் கடல்கட்டின்னு பேரு. பகல்ல மந்திரம் போட்டுச் சுறாவோட வாயைக் கட்டிடுவாராம். சாயங்காலம் அவிழ்த்து விட்டுடுவாராம். ஏன்னா ராத்திரி யாரும் திருட்டுத்தனமா முங்கி முத்து எடுத்துடக் கூடாது! இதைப் படிச்சதும் எழுந்து நின்னு கை தட்டலாமான்னு தோணிச்சு. ஆபீஸ் நேரம் முடிஞ்சதும் சர்வர் ஆக்சஸை எடுத்து விடுற வேலையைப் பதிமூணாம் நூற்றாண்டுலயே சுறாவை வச்சுப் பண்ணியிருக்காவ.

சிரிப்பு வந்தாலும் விசயம் சீரியஸானது. கடல்கட்டி வரலேன்னா குளியாட்கள் தண்ணியில கால் வைக்க மாட்டாங்க. அதனால பிரிட்டிஷ் அரசாங்கமே அவங்களுக்குக் கூலி கொடுத்து வச்சிருந்தது. 19ஆம் நூற்றாண்டு நடுவுல இலங்கையில உயர் அதிகாரியா இருந்த எமர்சன் டென்னண்ட் இந்தக் கடல்கட்டிகளைப் பத்தி எழுதியிருக்கார். அதுல வந்த ஒருத்தர் கத்தோலிக்கராம். யாருக்கும் அதுல பிரச்சனை இல்ல. சாமி எதுவா இருந்தாலும் சுறா வாயைக் கட்டினாச் சரி.

கத்தோலிக்கர்னு சொன்னதும் நம்ம கரையோட வரலாறு வந்துடுது. முத்துக்குளித்துறையில பரதவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் முத்து உரிமைக்கான போட்டி முத்திப்போய், 1530களின் நடுவுல பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. அதோட ஞானஸ்நானமும் வந்தது, கடல் போர்த்துகீசியர் கைக்கும் போச்சு. பிரான்சிஸ் சேவியர் வந்தது அதுக்கப்புறம், 1542ல. 1544 கடைசியில குமரிக்கு மேற்க உள்ள முக்குவர் கரைகள்ல ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல ஞானஸ்நானம் கொடுத்ததா அவரே கடிதம் எழுதியிருக்கார். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு டிசம்பர்ல எங்க மாவட்டத்துக்கே லீவு விடுவாங்க. சின்ன வயசுல அந்த லீவு மட்டும்தான் எங்களுக்கு முக்கியம். அந்த லீவுக்குப் பின்னால கடலடியில கிடந்த சிப்பி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. அவங்க எல்லாத்தையும் கணக்கு வச்சுப் பாக்குற ஆளுங்க. (அவங்களோட கணக்கு 1741ல குளச்சல்ல மார்த்தாண்ட வர்மாகிட்ட தப்பிச்சு. ஆனா அது வேற பதிவு.) முத்துக்குளிப்புல அவங்களோட அலகு என்ன தெரியுமா? ஆள் இல்ல, படகு இல்ல, கல்லு! எத்தனை கல்லு கடல்ல இறங்குதோ அத்தனைக்கு வரி. மதுரை நாயக்கருக்கும் ராமநாதபுரம் சேதுபதிக்கும் இத்தனை கல்லு வரியில்லாம இறக்கலாம்னு உரிமை. சாதித் தலைவருக்கும் அப்படி உண்டு. ராஜாவுக்குக் கல்லு இருந்தது, தலைவருக்குக் கல்லு இருந்தது. கல்லு மேல நின்னவனுக்குத் தனியா ஒண்ணும் இல்ல.

பிரிட்டிஷ் காலத்துல இது உச்சத்துக்குப் போச்சு. 1905ல இலங்கைப் பக்கம் மறிச்சுக்கட்டியில நடந்த குளிப்புதான் ரெக்கார்ட். எட்டுக் கோடிக்கும் மேல சிப்பி. அரசாங்கத்துக்குக் கிடைச்சது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய், அந்தக் காலத்து ரூபாய். ஆளே இல்லாத மணல் காட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு நகரமே முளைக்கும். தூத்துக்குடி, கீழக்கரையிலிருந்து குளியாட்கள், அரேபியாவிலிருந்து குளியாட்கள், வியாபாரி, வட்டிக்காரன், போலீஸ், ஆஸ்பத்திரி, சூதாட்டக்காரன், பிச்சைக்காரன் எல்லாம் வந்துடுவாங்க.

பங்கு எப்படின்னா, படகு கரைக்கு வந்ததும் சிப்பியை மூணு குவியலாக் குளியாட்களே பிரிச்சு வைக்கணும். அதிகாரி வந்து ரெண்டு குவியலை எடுத்துக்குவார். மிச்சம் ஒண்ணு குளியாட்களுக்கு. எந்த ரெண்டுன்னு முன்னாடியே சொல்ல மாட்டார். அதனால குளியாள் ஏமாத்திப் பிரிக்க முடியாது. அந்த ஒரு குவியல்லயும் படகுக்காரருக்கும் கயிறு பிடிச்சவருக்கும் பங்கு போகும். அரசாங்கம் தன்னோட ரெண்டு பங்கை ஆயிரம் ஆயிரமா, திறக்காமலே ஏலம் விடும். உள்ள முத்து இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. சுத்த லாட்டரி. வாங்கினவன் சிப்பியை வெயில்ல போட்டு அழுக வைப்பான். ஈ மொய்த்துச் சதை கரைஞ்சதும் அலசினா முத்து அடியில தங்கும். கோடிக்கணக்கான சிப்பி அழுகினா அந்த நாத்தம் எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிடுங்க.

அந்த நாத்தத்தைப் பத்தி எழுதினவர் லெனார்ட் வுல்ஃப். ஆமா, வர்ஜினியா வுல்ஃபோட கணவரேதான். கல்யாணத்துக்கு முன்னால யாழ்ப்பாணத்துல சின்ன அதிகாரியா இருந்தவர், 1906ல மறிச்சுக்கட்டி முகாம்ல வேலை பார்த்தார். பின்னால 'குரோயிங்'ங்கற தன்வரலாற்றுலயும், 'பேர்ல்ஸ் அண்ட் ஸ்வைன்'ங்கற சிறுகதையிலயும் அந்த முகாம் வருது. வெள்ளைக்காரன் இங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கான்னு அவருக்கே சந்தேகம் வர ஆரம்பிச்ச இடங்கள்ல அதுவும் ஒண்ணு. முத்துக்குளிப்பு ஒரு அதிகாரியையாவது யோசிக்க வச்சிருக்கு.

1906லயே இந்தப் பார்களை லண்டன் கம்பெனி ஒண்ணு 20 வருசக் குத்தகைக்கு எடுத்துச்சு. ஹெர்ட்மேன்னு ஒரு விஞ்ஞானியை முன்னாடியே வரவச்சு ஆராய்ச்சி எல்லாம் பண்ணியிருந்தாங்க. மணல் துகள் உள்ள போனா முத்து வரும்ங்கறது கதை, நாடாப்புழுவோட லார்வாதான் காரணம்னு அவர் சொன்னார் (பின்னால வந்தவங்க அதையும் முழுசா ஒத்துக்கல). கம்பெனி கொள்ளை லாபம்னு கனவு கண்டுச்சு. கொஞ்ச வருசத்துலயே பார் காலி. 1912ல கம்பெனியும் காலி. மன்னார் வளைகுடாவுக்கு ஷேர் மார்க்கெட் புரியாது போல.

நம்ம கரையில தூத்துக்குடியில 1955லிருந்து 1961 வரைக்கும் வருசா வருசம் குளிப்பு நடந்தது. 1961தான் கடைசி. ரெண்டாயிரம் வருசத் தொழில் அதோட நின்னு போச்சு. சிப்பி திரும்ப அந்த அளவுக்கு வரவே இல்ல. அதுக்கு முன்னாடியே ஜப்பான்ல மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்து விலையை அடிச்சுட்டார். தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் 1973ல வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டுச்சு. அதுக்கு மூச்சடக்கிக் கடலை அலசுற கூட்டம் தேவை இல்லையே.

இப்ப முதல்ல சொன்ன டீம் நண்பர்களுக்கான மேட்டர். இந்தக் கடல்ல ஸ்கூபா எப்ப வந்துச்சு? அந்தமான் ரிசார்ட்டுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. மகாதேவன், நாகப்பன் நாயர்னு அதே ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் ரெண்டு பேர் சிலிண்டர் மாட்டிக்கிட்டு முங்கி, தூத்துக்குடிப் பார்கள்ல என்ன இருக்கு, எந்த மீன் எதோட சேர்ந்து திரியுதுன்னு நேரடியாப் பார்த்து 1960கள்ல கட்டுரை எழுதியிருக்காங்க. முத்துச்சிப்பி மறைஞ்சுக்கிட்டிருந்த அதே சமயம். அவங்களைப் பத்தி யாராவது ஒரு நல்ல புத்தகம் எழுதினா முதல் காப்பி எனக்கு.

கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதை. ஆர்தர் சி. கிளார்க் 1956ல இலங்கைக்குக் குடி வந்தார். ராக்கெட்டு எழுதுற ஆளுக்கு இலங்கையில என்ன வேலை? டைவிங்! எடையில்லாம மிதக்குற அனுபவம் பூமியில தண்ணிக்குள்ளதான் கிடைக்கும்னு அவருக்கு ஒரு பைத்தியம். கூட வந்தவர் மைக் வில்சன். திருகோணமலையில சுவாமி மலைக்குக் கீழ முங்கும்போது செதுக்கின தூண்களும் கல்வேலைப்பாடுகளும் கடலடியில கிடக்குறதை வில்சன் பார்த்தார். போர்த்துகீசியர் 1620கள்ல இடிச்சுத் தள்ளின கோணேசர் கோயில். கல்லுல பாதி கோட்டைக்குப் போச்சு, மிச்சம் மலையிலிருந்து கடலுக்குள்ள விழுந்துடுச்சு. முந்நூறு வருசத்துக்கு மேல மீன்கள் மட்டும் பார்த்த கோயில். இந்த டைவிங் அனுபவத்தைக் கிளார்க் 1957ல 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்'னு புத்தகமாப் போட்டார். 1961ல தெற்குக் கரையில கிரேட் பாசஸ் பாறைக்கிட்ட வில்சன் குழு சூரத்துல அடிச்ச ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களைக் கட்டி கட்டியாக் கண்டுபிடிச்சது. அடுத்த வருசம் 'ரன் முத்து தூவ' (தங்க முத்துத் தீவு) படத்தை வில்சனே இயக்கினார். முதல் கலர் சிங்களப் படம், கடலடிக் காட்சிகளோட. கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டு சுவாமி சிவகல்கின்னு சாமியாராவே போயிட்டார். கோணேசர் சும்மா விடல!

குமரிக்கண்டம் தேடுற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடலுக்குள்ள மூழ்கின தமிழர் கட்டடம் வேணும்னா இதோ கையில தொடுற மாதிரி, சாட்சியோட ஒண்ணு கிடக்கு. இல்லாத கண்டத்துக்கு மேப் போடுற நேரத்துல இதைப் பத்திப் பேசலாம்ல?

எங்க மாவட்டத்துல முத்து இல்ல. ஆனா முங்குறவங்க இருக்காங்க. கடியப்பட்டணம், முட்டம், குளச்சல் பக்கம் பாறையில ஒட்டியிருக்குற சிப்பியை (கேரளாவுல கல்லும்மக்காய்ம்பாங்க) முங்கித்தான் பறிக்கணும். கண்ணாடி, ஒரு இரும்புக் கம்பி, இடுப்புல ஒரு வலைப்பை. மூச்சு மட்டும்தான், சிலிண்டர் கிடையாது. அலை பாறையில அடிக்கிற இடம் அது, ஒரு தப்பு அலை வந்தா ஆளைத் தேய்ச்சிடும். முத்துக்குளிப்புக்குக் கலெக்டர், ஏலம், வெள்ளைக்கார எழுத்தாளர் எல்லாம் இருந்தாங்க. இதுக்கு யாரும் இல்ல. சிப்பி அவிச்சு தேங்காய் வறுத்தரைச்சு வச்சுத் தின்ன நாங்க இருக்கோம், அவ்வளவுதான். போன தடவை ஊருக்குப் போனப்ப வயசான ஒரு சிப்பிக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு தடவை சத்தமாக் கேக்க வேண்டியிருந்தது. காது எப்பப் போச்சுன்னு கேட்டேன். "எந்தக் காது?"ன்னார்.

தூத்துக்குடி சங்குகுளிக்காரங்க கதையும் இதேதான். சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பொண்ணு வளையலாகும். டச்சுக்காரன், பிரிட்டிஷ்காரன், அப்புறம் நம்ம அரசாங்கம்னு ஏகபோகம் கை மாறிக்கிட்டே வந்தது. எடுத்தவனுக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவுன்னு கூலி. மூச்சடக்கிப் போய்க்கிட்டு இருந்தவங்கள்ல கம்ப்ரெஸ்ஸர்ல ரப்பர் குழாய் மாட்டி முங்குறவங்களும் வந்துட்டாங்க. ஆழத்துல ரொம்ப நேரம் இருந்துட்டுச் சட்டுன்னு மேல வந்தா ரத்தத்துல நைட்ரஜன் குமிழி கட்டும், கை கால் விளங்காமப் போகும். ரிசார்ட்ல டைவ் பண்றவருக்கு மணிக்கட்டுல கம்ப்யூட்டர் கட்டி, எத்தனை நிமிசம் எங்க நிக்கணும்னு அதுவே சொல்லும். இவருக்கு அதைச் சொல்றது யாரு?

1986ல மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா ஆக்குனாங்க. அது தேவைதான். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி விலாங்குசல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு. 2001ல கடல் அட்டை எடுக்குறதுக்கும் தடை வந்தது. தடை சரியா தப்பான்னு பெரிய விவாதம் இருக்கு, நான் சூழலியல்காரங்க பக்கம்தான் சாய்வேன். ஆனா தீவுப் பக்கம் போகாதேன்னு சொல்லும்போது, அங்க ரெண்டாயிரம் வருசமா முங்கினவனை உக்கார வச்சு "இங்க என்ன மாறியிருக்கு"ன்னு கேட்டிருக்கலாம். அடியில எந்தப் பார்ல என்ன இருந்துச்சுன்னு அவனைவிட யாருக்குத் தெரியும்?

தென்கொரியாவுல ஜேஜு தீவுப் பெண்கள், ஹென்யோன்னு பேரு, பாட்டி வயசுலயும் மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுக்குறாங்க. 2016ல யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுன்னு பட்டியல்ல சேர்த்தது. பஹ்ரைன்ல முத்துக்குளிப்பு சம்பந்தப்பட்ட வீடுகள், கடல் பார்கள் எல்லாத்தையும் 2012ல உலக பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சாங்க. மறிச்சுக்கட்டி மணல்ல அரபுக் குளியாளும் தமிழ்க் குளியாளும் ஒண்ணாத்தான் முங்கினாங்க. ஒருத்தரோட பேரன் டிக்கெட் போட்டுத் தாத்தா கதையைச் சொல்றார். இன்னொருத்தரோட பேரன் கம்ப்ரெஸ்ஸர் குழாயைக் கடிச்சுக்கிட்டு இறங்குறார்.

திருகோணமலை போற எண்ணம் இருக்குறவங்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் கடல் அமைதியா இருக்கும், நமக்கு இங்க தென்மேற்குப் பருவக்காத்து அடிக்கிற சமயம். நிலாவெளிக்கு எதிர்ல புறாத்தீவு இருக்கு, 2003லிருந்து தேசியப் பூங்கா. முங்கத் தெரியாட்டாலும் ஸ்நார்க்கல் மாட்டிக் குப்புற மிதந்தாலே பவளப்பாறை தெரியும். பவளத்து மேல மட்டும் காலை ஊன்றி நிக்காதீங்க, செத்துப்போயிடும். டைவிங் கத்துக்கிட்டவங்க சுவாமி மலைக்குக் கீழ முங்க ஏற்பாடு இருக்கான்னு அங்க விசாரிச்சுப் பாருங்க. அந்தத் தூண்களைப் பார்த்துட்டு வந்தவங்க யாராவது இருந்தா கட்டாயம் சொல்லுங்க மக்கா, பூவேலைப்பாடு இன்னும் தெரியுதா, இல்ல பாசி மூடிடுச்சா?